மயக்கமா, மாங்காயா?

மொட்டைமாடியில் ஈரப் போர்வையைக் கொடியில் போடுவதற்காக அண்ணாந்து பார்த்தேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான். கொடி, தண்ணீர்த் தொட்டி, எதிர் வீட்டு டிஷ், அதற்கு மேலே இருந்த திண்டிவனத்து வானம் எல்லாம் சேர்ந்துகொண்டு சுற்ற ஆரம்பித்தன. போர்வையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தொட்டிக்குப் போகும் பைப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஐயோ நில்லு, நில்லு" என்று வீட்டைப் பார்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வீடு நின்றது. ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு காக்கை வந்து கொடியில் உட்கார்ந்தது.

கீழே இறங்கி வந்து நான் செய்த தப்பு, அதற்கு ஒரு பெயர் வைத்ததுதான். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம், "மயக்கமா இருக்குங்க" என்றேன்.

"மாங்காயா? இப்ப எங்க கெடைக்கும் மாங்கா? சீசன் முடிஞ்சி எத்தினி மாசம் ஆவுது!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பத்தெட்டு வயதில் பெண்டாட்டி மயக்கம் என்று வந்து நின்றால் மாங்காய் வேண்டுமா என்று கேட்கிற நக்கலைப் பாருங்கள். பையன் சென்னையில் வேலைக்கே போய்விட்டான். "வயசுக்குத் தகுந்த பேச்சு பேசுங்க" என்று முறைத்தேன். அவரும் ஒன்றும் புரியாதவர் போல் திருப்பி முறைத்தார். அப்புறம் நான் தலையைத் தொட்டுக் காட்டி, "தலை! சுத்துது!" என்று கத்திய பிறகுதான் பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்தார்.

தப்பு என் மேலும் இருக்கிறது. நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. மயக்கம் என்றால் என்ன என்று வருஷாவருஷம் பாடம் நடத்துகிறவள். ஒரு வேற்றுமை உருபு நிற்க வேண்டிய இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டால் அதற்கு உருபு மயக்கம் என்று பெயர். பிள்ளைகளுக்கு அது தலைகீழாகத் தெரியும். ஆனால் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பசி மயக்கம், குடி மயக்கம், பிள்ளை மயக்கம் என்று வேறு கணக்கு இருக்கிறது. வீடு சுற்றுவதற்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. சொல்லை மாற்றிச் சொன்னதற்கு நான் என்ன பாடு பட்டேன் என்பதுதான் இந்தக் கதை.

முதல் தீர்ப்பு எதிர் வீட்டு அக்காவிடமிருந்து வந்தது. "பித்தம்மா! வேற ஒன்னுமே இல்ல. வெறும் வயித்துல டீ குடிச்சிக்கினு ஓடுறியே, பித்தம் தலைக்கு ஏறிப்போச்சி" என்று ஒரு டம்ளர் இஞ்சிச் சாற்றைக் கொண்டுவந்து, குடிக்கும் வரை இடத்தை விட்டு நகராமல் நின்றார். தொண்டை எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, வீடு சுற்றுவது மட்டும் நிற்கவில்லை. படுத்து வலது பக்கம் திரும்பினால் கட்டிலோடு சேர்ந்து சுற்றியது. போகிறபோது அக்கா இன்னொன்றும் சொன்னார்: "அந்த ஸ்கூட்டில பறக்கறியே, கண்ணு பட்டிருக்கும்."

ஸ்கூட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். நாற்பது வயதுக்கு மேல் நான் ஓட்டக் கற்றுக்கொண்டது அது. முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. என் பள்ளி கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே போகிற ஓர் ஊரில் இருக்கிறது. முன்பெல்லாம் பஸ்ஸுக்கு நின்று, அங்கே இறங்கி, ஷேர் ஆட்டோவில் நாலு பேர் மடியில் உட்கார்ந்து போய்ச் சேருவேன். ஸ்கூட்டி வந்த பிறகு எனக்கென்று ஒரு மணி நேரம் கிடைத்தது. சாயங்காலம் பள்ளி விட்டதும் கூட்டேரிப்பட்டு முனையில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்துவேன். ஒரு டீ, ரெண்டு வாழைக்காய் பஜ்ஜி. யாரும் என்னை மிஸ் என்று கூப்பிட மாட்டார்கள், அம்மா என்று கூப்பிட மாட்டார்கள், உப்பு எங்கே என்று கேட்க மாட்டார்கள். போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். இருபத்து நாலு மணி நேரத்தில் எனக்கு என்று இருந்தது அந்த ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலையில் ஃபிரிட்ஜ் பக்கத்து ஆணியில் சாவி இல்லை.

"வண்டியெல்லாம் ஓட்டாத. நானே கொண்டாந்து வுடுறேன், நானே கூட்டிக்கினு வர்றேன்" என்றார் வீட்டுக்காரர். அவர் கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் மிஷின் பார்க்கிறவர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த வேலைதான். ஆலைக்குள் பேச்சு என்றால் கத்துவதுதான், அதே பழக்கத்தில் வீட்டிலும் கத்துவார். அவர் டி.வி. பார்த்தால் எதிர் வீட்டு அக்கா தன் வீட்டு டி.வி.யை அணைத்துவிட்டு எங்கள் வீட்டுச் செய்தியைக் கேட்டுக்கொள்வார்.

"சாவியக் குடுங்க. பாத்து போறேன்."

"டாக்டர் வாயால சொல்லட்டும், வண்டி ஓட்டலாம்னு. அன்னிக்கிக் குடுக்கறேன்."

சரி, டாக்டர் வாயால்தானே என்று நானும் சபதம் போட்டுக்கொண்டு அவர் பைக்கில் ஏறி உட்கார்ந்தேன். அந்தப் பயணத்தைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். மாட்டு வண்டிகூட எங்களைத் தாண்டிப் போனது. அந்த வேகத்தில் போகிறவர் ஓரமாகப் போகவேண்டுமா இல்லையா? நடு ரோட்டில் போவார். பின்னால் லாரிக்காரன் ஹாரன் மேல் கையை வைத்து எடுக்கவே மாட்டான், இவர் அசைய மாட்டார். நான் தோளில் தட்டி, "ஓரம் போங்க, லாரி வருது" என்பேன். "தெரியுது, தெரியுது" என்று அப்போதுதான் ஒதுங்குவார். "திமிரு. ரோட்டையே இந்த ஆளு பேருக்குப் பட்டா போட்டுக் குடுத்தாப்பல" என்று நான் முணுமுணுப்பேன். அதற்குப் பதிலே வராது. கல்யாணம் ஆன நாளிலிருந்தே என் முணுமுணுப்புக்கு அவர் பதில் சொன்னதில்லை, அது ஒன்றுதான் அவரிடம் எனக்குப் பிடித்த பொறுமை.

பள்ளியில் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. ஹெச்.எம். அம்மா என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ஜன்னலையும் சாத்திவிட்டு, "டீச்சர், நாள் தள்ளிப் போயிருக்கா?" என்றார்.

"மேடம், எனக்கு நாளே நின்னுபோச்சி."

"நின்னுபோச்சின்னு நெனச்சிக்கினு இருக்கும்போதுதான் வரும். எங்க சொந்தத்துல ஒருத்திக்கு அப்டித்தான் ஆச்சி. மருமவளும் மாமியாரும் ஒரே ஆஸ்பத்திரி." அந்த அம்மா முகத்தில் கவலையே இல்லை, ஆவல்தான் இருந்தது. அன்று மதியம் ஸ்டாஃப் ரூமில் யாரோ என் டிபன் பாக்ஸ் பக்கத்தில் ஊறுகாய் வைத்தார்கள். நல்ல ஊறுகாய். சாப்பிட்டேன்.

முதல் டாக்டர் திண்டிவனத்தில். நெருக்கித் தள்ளுகிற கூட்டம். உள்ளே போய், "மயக்கமா வருது டாக்டர்" என்றேன், புத்தி வராமல் திரும்பவும் அதே சொல். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பி.பி. பட்டையைக் கையில் சுற்றி இறக்கிவிட்டு, "லோ பி.பி. உப்பு சேத்துக்கங்க, ஒரு குளுக்கோஸ் போட்டுக்கங்க, கொஞ்ச நாள் லீவு போட்டு ரெஸ்ட் எடுங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், சீட்டை எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர் குறுக்கே விழுந்தார். "லீவெல்லாம் வேணாம் டாக்டர். நான் வண்டில வெச்சிக் கூட்டிக்கினு போய்க் கூட்டிக்கினு வந்துடறேன். அது ஒன்னும் கஷ்டமில்ல."

டாக்டர் அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார். "இப்டி ஒரு வீட்டுக்காரர் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்மா." குளுக்கோஸ் ஏறுகிற வரைக்கும் நான் மல்லாந்து படுத்து, குடுத்து வைத்ததை நினைத்துக்கொண்டே ஃபேன் சுற்றுவதையும் அறை சுற்றுவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் வேறு வேறு திசையில் சுற்றின.

இரண்டாவது டாக்டர் விழுப்புரத்தில், எலும்புக்கு. கழுத்தை எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "தேய்மானம்" என்றார். ஏதோ தேர்வு முடிவு சொல்கிற மாதிரி இருந்தது. என் வயதில் தேயாமல் என்ன இருக்கும்? செருப்பே தேய்ந்துதான் கிடக்கிறது. கழுத்துக்கு ஒரு காலர் மாட்டிவிட்டார். "டாக்டர், வண்டி ஓட்டலாமா?" என்று கேட்டேன். "இந்த வயசுல வண்டி எதுக்கும்மா?" என்றார். அவருக்கு என் வயதோ அதைவிடக் கூடவோ இருக்கும், வாசலில் நின்றிருந்த பெரிய கார் அவருடையதுதான். ஆனால் அவருக்குக் கழுத்து தேயவில்லையாம், பாக்கியவான்.

காலர் போட்ட பிறகு ஓர் அதிசயம் நடந்தது. தலை சுற்றுவது நின்றது. காலர் இருந்தால் அண்ணாந்து பார்க்க முடியாது, குனிய முடியாது, சட்டென்று திரும்ப முடியாது. தலையை அசைக்காவிட்டால் அது சுற்றவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஆனால் "எலும்பு டாக்டர் கைராசி" என்று எதிர் வீட்டு அக்கா தெருவுக்கெல்லாம் சொன்னார். பிள்ளைகள் எனக்குக் காலர் மிஸ் என்று பேர் வைத்தார்கள். ஒரு மதியம் வியர்வை தாங்காமல் காலரைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, கரும்பலகையின் மேல் ஓரத்தில் பாடத் தலைப்பு எழுத நிமிர்ந்தேன். கரும்பலகை என்னைச் சுற்றி ஓடியது. சாக்பீஸோடு மேஜையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வகுப்பிலிருந்து அறிவியல் டீச்சர் ஓடிவந்து பிடித்தார்.

"டீச்சர், நீங்க காது டாக்டரப் போய்ப் பாருங்க" என்றார்.

"என் காதுக்கு என்ன கேடு? நீங்கள்லாம் ஸ்டாஃப் ரூம்ல என்னைப் பத்திப் பேசுறது எனக்குக் கடைசி கிளாஸ் வரைக்கும் கேக்குது."

அவர் முகம் சிவந்துபோய், "சொல்றத கேளுங்க டீச்சர். நாம விழாம நிக்கிறதுக்கும் காதுக்குள்ளதான் ஏற்பாடு இருக்கு. எட்டாம் வகுப்புப் பாடம்" என்றார். எட்டாம் வகுப்பில் எனக்கு அறிவியல் எடுத்தவர் வகுப்பில் தூங்குகிறவர். சரி, இவர் பேச்சைத்தான் கேட்போமே என்று முடிவு செய்தேன். சாவி கிடைக்க இன்னும் ஒரு டாக்டர் பாக்கி இருந்தால் அவர் காது டாக்டராகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

சனிக்கிழமை விழுப்புரம் கிளம்பினோம். பஸ்ஸில் போகலாம் என்றேன். "பஸ்ஸுல போனா பேஜாரு. பைக்குல ஜல்தியா போய்ட்டு வந்துடலாம்" என்றார். ஜல்தியாம்! விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் பின்னால் ஒரு லாரி ஏர்ஹாரன் அடித்தது. என் காலர் வரைக்கும் அதிர்ந்தது. இவர் அசையவில்லை. தோளில் தட்டினேன், ஒதுங்கவில்லை, சட்டையைப் பிடித்து இழுத்தேன். அப்புறம்தான் ஹேண்டில் ஓரமாகத் திரும்பியது. லாரி என் புடவை முந்தானையைத் தொட்டுக்கொண்டு போன மாதிரி இருந்தது. கிளீனர் கதவில் தொங்கிக்கொண்டு, "யோவ், காது செவுடாய்யா ஒனக்கு?" என்று கத்திவிட்டுப் போனான்.

எக்ஸ்ரே இல்லாமல், பி.பி. பார்க்காமல், போகிற போக்கில் சொன்னான். வசவு என்று நான் விட்டுவிட்டேன். வீட்டுக்காரர் திரும்பி, "என்னா சொல்லிட்டுப் போறான் அவன்?" என்றார். "வாழ்த்திட்டுப் போறான், போங்க" என்றேன்.

காது மூக்கு தொண்டை டாக்டர் முதலில் என் முகத்தைப் பார்த்தார். அதுவே எனக்குப் புதிது. "என்ன பண்ணுதும்மா?" என்றார். "மயக்கம்" என்று வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். "சுத்துது டாக்டர்" என்றேன்.

"நீங்க சுத்துறீங்களா, வீடு சுத்துதா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை பேரில் ஒருத்தர்கூட இதைக் கேட்கவில்லை. "வீடு டாக்டர், வீடுதான் சுத்துது" என்றேன், வீட்டின் மேல் புகார் கொடுக்கிறவள் மாதிரி. எப்போது சுற்றுகிறது, எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் படுத்தால் என்று கேட்டுக்கொண்டார். காலரைக் கழற்றச் சொன்னார். என்னைப் படுக்கையில் உட்கார வைத்துத் தலையை வலப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் மல்லாக்கச் சாய்த்தார், தலை படுக்கைக்கு வெளியே தொங்குகிற மாதிரி. ஐயோ, விழுப்புரமே சுற்றியது. நான் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன். "கண்ணத் தொறந்து வைங்க, கண்ணு ஆடுது, அதுதான் வேணும் எனக்கு" என்று அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்று நின்றதும் தலையை மெல்ல மறுபக்கம் திருப்பினார், அப்புறம் உடம்போடு ஒருக்களிக்க வைத்தார், அப்புறம் எழுப்பி உட்கார வைத்தார். "அவ்ளோதான்" என்றார்.

"அவ்ளோதான்னா?"

"காதுக்குள்ள சுண்ணாம்புத் துகள் மாதிரி பொடிப் பொடியா இருக்கும். அது இருக்கிற எடத்த வுட்டு நழுவி, பக்கத்துல இருக்கிற வளைஞ்ச குழாய்க்குள்ள பூந்துக்கிச்சி. தலைய அசைச்சா அது உருளும், மூளைக்கு நீங்க சுத்துறாப்பல சேதி போவும். இப்ப உருட்டி வெளிய தள்ளியாச்சி. திரும்பவும் வந்தா வாங்க, திரும்பவும் உருட்டிடலாம்."

இஞ்சிச் சாறு, குளுக்கோஸ், உப்பு, எக்ஸ்ரே, காலர், ஊறுகாய் எல்லாம் என் கண் முன்னால் வந்து போயின. ஒரு சுண்ணாம்புப் பொடிக்கு இத்தனை மரியாதை! காலரைக் கைப்பைக்குள் திணித்தேன்.

"டாக்டர், வண்டி ஓட்டலாமா? வாயால சொல்லுங்க, இவர் காதுல வுழறாப்பல."

"ரெண்டு மூணு நாள் பாத்துட்டுத் தாராளமா ஓட்டுங்க" என்றார். நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் டாக்டர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கும் காது எப்படிக் கேட்கிறது என்று பார்த்துவிடலாம் என்று டாக்டர் என்னைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்.

அங்கே மாஸ்க் போட்டிருந்த ஓர் இளம் பெண். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அடைப்பு, அந்தக் காலத்து எஸ்.டி.டி. பூத் மாதிரி. உள்ளே உட்கார்ந்து ஹெட்போன் போட்டுக்கொண்டு, சத்தம் கேட்டால் கையில் இருக்கிற பொத்தானை அழுத்தவேண்டும். எறும்பு தும்மினால்கூட நான் அழுத்துவேன். "சூப்பர் காதும்மா ஒங்களுக்கு" என்றாள். வெளியில் நின்றிருந்த வீட்டுக்காரர், "இதுல கூட ஒரு பரீச்சையா!" என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.

அந்தப் பெண் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மாஸ்க்குக்குள்ளிருந்து சாதாரணமாக, "சார், சாப்டீங்களா?" என்று கேட்டாள்.

"திண்டிவனம்" என்றார் அவர்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "சார், நீங்களும் ஒரு தடவ உள்ள உக்காருங்களேன்" என்று கையால் காட்டினாள். "எனக்கா? எனக்கு என்னாத்துக்கு?" என்று என்னைப் பார்த்தார். "போங்க, என் காதோட ஒங்க காதையும் பாத்துட்டுப் போவலாம்" என்று நக்கலாகத் தள்ளிவிட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போனோடு உட்கார்ந்தார். பொத்தானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சத்தம் போகிறபோதெல்லாம் இந்தப் பக்கம் மிஷினில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. எரிந்தது, அணைந்தது. எரிந்தது, அணைந்தது. அவர் அழுத்தவில்லை. தேர்வுக்கூடத்தில் கேள்வித்தாளுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி, நெற்றியைச் சுருக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வரப்போகிற சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். சத்தம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் குமிழைத் திருகிக்கொண்டே போனாள். நான் அந்த விளக்கையே பார்த்தேன்.

மாங்காய் நக்கல் இல்லை. அவருக்கு மாங்காய் என்றுதான் கேட்டிருக்கிறது. பொறுமை என்று நான் நினைத்ததெல்லாம் பொறுமை இல்லை. நடு ரோட்டில் போனது திமிர் இல்லை.

டாக்டர் அவர் முகத்துக்கு நேராக வந்து, சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "மில் சத்தம் சார். ரொம்ப வருஷமா போயிருக்கு. போனது திரும்ப வராது, ஆனா மெஷின் வெச்சா நல்லாக் கேக்கும். அது வர்ற வரைக்கும் ஹைவேல வண்டி ஓட்டாதீங்க. அம்மா ஓட்டட்டும்." ஊரிலேயே பாதுகாப்பான ஓட்டுநர் என்று இத்தனை நாள் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்து என் ஸ்கூட்டிச் சாவியை எடுத்தார். இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது. என்னைப் பார்க்காமல் சாவியைப் பார்த்துக்கொண்டு பேசினார். எப்போதும் கத்துகிறவர் அன்று மெதுவாகப் பேசினார்.

"முன்னயே ஒரு தபா லாரி ஒரசிக்கினு போச்சி. சத்தமே கேக்கல எனக்கு. பக்கத்துல வந்தப்பறம்தான் தெரிஞ்சிது. அப்பலேர்ந்து ரோட்டுல தனியா போவ பயமா இருக்குது. நீ பின்னால உக்காந்தா தோள்ல தட்றியே, அது ஒரு தெகிரியம். ஒனக்கு மயக்கம்னதும் சரின்னு சாவிய எடுத்து வெச்சிக்கினேன்."

என் தலைசுற்றலுக்காக அவர் சாவியை எடுக்கவில்லை, அவர் காதுக்காக எடுத்திருக்கிறார். அவர் நோய் நிற்க வேண்டிய இடத்தில் என் நோய் நின்றுகொண்டிருந்திருக்கிறது. வருஷாவருஷம் இதைத்தானே நடத்துகிறேன்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "அதுக்கு என் சாவிய எடுப்பீங்களா? வாயத் தொறந்து சொல்லக் கூடாதா? காதுக்குப் பதிலா என்னை மாட்டிக்கினு திரிஞ்சீங்களா?" என்றேன்.

"என்னாது?" என்றார்.

இவ்வளவு கோபத்தையும் திரும்பக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கத்திச் சொல்லி முடிப்பதற்குள் கோபத்தில் பாதி தீர்ந்துவிட்டது, மீதிக்கு அழுகை வந்தது. அவர் சாவியை என் கையில் வைத்து விரல்களை மூடினார். பைக்கை அங்கே தெரிந்த ஒரு கடையில் விட்டுவிட்டு பஸ்ஸில் ஊருக்கு வந்தோம். அதன் சாவியையும் நானே வாங்கிக்கொண்டேன்.

மெஷின் வாங்கி, கடைப் பையனை வைத்துப் பைக்கையும் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் அவர் மெஷினை மாட்டவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். "மாட்டினா செவுடன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்" என்றார். கண்ணாடி போட்டால் படித்தவன், காதில் போட்டால் செவிடன், இதுதானே நம் ஊர் மரியாதை. "இப்ப மட்டும் தெரியாமலா இருக்குது? விக்கிரவாண்டி லாரி கிளீனருக்கே தெரிஞ்சிருக்கு" என்றேன். ஆணியில் தொங்கிய என் சாவிக்குப் பக்கத்தில் அவர் சாவி இல்லை. "மெஷின மாட்டினாத்தான் சாவி. அதுவும் நான் வாயால சொல்லணும்" என்றேன். அதுவரை அவர் என் ஸ்கூட்டி பின்னால் உட்கார்ந்து ஆலைக்குப் போய்வந்தார். ஆலை வாசலில் மூட்டை தூக்குகிறவர்கள், "அண்ணே, அண்ணி டிராப் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டார்கள். அது மட்டும் எப்படியோ அவருக்குக் காதில் விழுந்தது. சாயங்காலம் அவரை ஏற்றிக்கொண்டு நேராக வீடு. சாவி திரும்ப வந்ததே தவிர, டீக்கடை வரவில்லை.

ஒரு நாள் காலையில் தானாகவே மாட்டிக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தார். குக்கர் விசிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இந்த ஃபேனு எந்நேரமும் இப்டியா கத்திக்கினு இருக்குது?" என்றார். பிளாஸ்டிக் பையை யாரும் கசக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். நான் அடுப்படியில் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வழக்கம்போல வாய்க்குள்ளேயே, "தொரைக்கு இப்பத்தான் காது தொறந்துது, இனிமே ஊருல யாரும் மூச்சு வுடக் கூடாது" என்றேன்.

"கேக்குது" என்றார் கூடத்திலிருந்து.

தோசைக்கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அனுபவித்த சுதந்திரம் அன்றோடு போனது. இருக்கட்டும். அவர் சாவியை ஆணியில் மாட்டினேன்.

அடுத்த நாள் அவர் பைக்கில் அவர் போனார், என் ஸ்கூட்டியில் நான் போனேன். சாயங்காலம் கூட்டேரிப்பட்டு முனையில் வண்டியை நிறுத்தினேன். கடைக்காரர், "எங்கம்மா, ஆளையே காணல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் டீயைக் கொடுத்தார். பஜ்ஜியைப் பிட்டேன். அண்ணாந்து பார்த்தேன், வானம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்போது ஆலைப் பக்கமிருந்து அவர் பைக் வந்தது. அதே வேகம், அதே நடு ரோடு. என்னை அவர் பார்க்கவில்லை. பின்னால் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. என் கை தன்னால் எழுந்து காற்றில் தட்டியது. "ஓரம் போங்க" என்று வாய் சொன்னது. நான் இருந்த இடத்துக்கும் அவருக்கும் நடுவில் ஒரு ரோடே இருந்தது.

அவர் ஓரம் போனார். யாரும் தட்டாமலே, லாரி கிட்டே வருவதற்கு முன்னாலேயே ஒதுங்கி, அதற்கு வழி விட்டார். பிறகு மெதுவாகத் திண்டிவனம் பக்கம் போனார். பைக் கண்ணுக்கு மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் டீ ஆறிப் போயிருந்தது, இன்னொன்று சொன்னேன்.